அனல் மின் நிலையச் சாம்பல்: வினைத்திறனும் பயன்பாடும்

பெங்களூர் நகரில் ஓசூர் சாலையை ஒட்டி அமைந்துள்ள அடுகோடிப் பகுதியில் அனல் மின் நிலையம் எதுவும் இல்லை. மாநகரின் ஏனைய பகுதிகளிலும் நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையம் கிடையாது. எலகங்காவில் இருப்பது எரிவாயுவால் இயங்கும் நிலையமே. ஆயினும் அடுகோடியில் இன்று எழுகின்ற கட்டிடங்களின் தூண்களிலும் தளங்களிலும் சுவர்களிலும், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் எரிந்துபோன நிலக்கரியின் சாம்பல் கலந்திருக்கிறது. 1951ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மைகோ நிறுவனத்தின் தொழிற்சாலையால் பெயர் பெற்ற பகுதி இது. தொழிற்கூடங்களும் சிறு வீடுகளும் இருந்த இடங்களில் அலுவலக வளாகங்களும் அடுக்கு மாடிகளும் எழும்பும்போது, கட்டுமானப் பொருள்களின் தேவையும் பெருகுகிறது.

அங்குள்ள எந்தக் கடையிலும் கிடைக்கும் போர்ட்லண்ட் பொசோலானா சிமெண்ட் மூட்டையை எடுத்துக் கொள்வோம். அதில் 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் இருக்கலாம் என்று ஐ.எஸ். 1489 என்னும் இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கிறது. அதாவது 50 கிலோ மூட்டை ஒன்றில் ஏழரைக் கிலோ முதல் பதினேழரைக் கிலோ வரை சாம்பல் உள்ளது. இதனைக் கலப்படம் என்று கருதும் வீட்டுக்காரர்கள் இன்றும் உண்டு. அந்த எண்ணம் தவறு. ஆனால் எந்தச் சாம்பலையும் எவ்வளவு வேண்டுமானாலும் சேர்க்கலாம், கட்டிடம் தானே உறுதியாகிவிடும் என்று எண்ணும் ஒப்பந்தக்காரரின் கருத்தும் அதே அளவுக்குத் தவறானது. சாம்பல் எப்போது சிமெண்டுக்குத் துணையாகிறது, எப்போது வெறும் மண்ணாகவே நின்றுவிடுகிறது என்பதை அதன் வினைத்திறனே தீர்மானிக்கிறது.

சாம்பல் உருவாகும் விதம்

அனல் மின் நிலையத்தில் நிலக்கரி கட்டியாக எரிக்கப்படுவதில்லை. முகத்தில் பூசும் மாவைப் போல் நுண்ணியதாக அரைக்கப்பட்டு, காற்றோடு கலந்து கொதிகலனுக்குள் ஊதப்படுகிறது. அங்குள்ள வெப்பம் 1,400 டிகிரி செல்சியசுக்கு மேல் செல்லும். துகளிலுள்ள கரி நொடிகளில் எரிந்துவிடுகிறது. அதனுடன் இருந்த களிமண் கனிமங்கள் எரியாமல் உருகுகின்றன. உருகிய துளிகள் காற்றில் மிதந்தவாறே உருண்டை வடிவம் பெற்று, புகைப் பாதையில் திடீரெனக் குளிர்ந்து இறுகுகின்றன. படிகமாக ஒழுங்குபட அவற்றிற்கு நேரம் கிடைப்பதில்லை. எனவே அவை கண்ணாடி நிலையிலேயே உறைந்துவிடுகின்றன. உருப்பெருக்கியில் பார்த்தால், பறக்கும் சாம்பலின் பெரும்பகுதி சின்னஞ்சிறு கண்ணாடிக் கோலிகளாகத் தோன்றுவதன் காரணம் இதுதான்.

மொத்தச் சாம்பலில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இவ்வாறு புகையுடன் மேலே செல்லும் பறக்கும் சாம்பல். எஞ்சிய ஒரு பங்கு கட்டியாகிக் கொதிகலனின் அடியில் விழும் அடிச் சாம்பல். பறக்கும் சாம்பலைப் புகைபோக்கிக்கு முன்னரே நிலைமின் வடிகட்டிகள் பிடித்து, அடுத்தடுத்த தொட்டிகளில் சேர்க்கின்றன. முதல் வரிசைத் தொட்டியில் பருமனான துகள்கள் மிகுதியாகச் சேரும். கடைசி வரிசைகளில் சேர்வது அளவில் குறைவு, ஆனால் மிக நுண்ணியது. ஒரே நிலையம், ஒரே நாள், ஒரே நிலக்கரி என்றாலும் எந்தத் தொட்டியிலிருந்து எடுத்தது என்பதைப் பொறுத்துச் சாம்பலின் தரம் மாறும். இச்சிறு செய்தியைச் சாம்பல் வாங்குவோரில் பலர் கேட்டு அறிவதில்லை.

நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் அளவு பொதுவாக 30 முதல் 45 சதவீதம் வரை இருக்கும். கோண்ட்வானா காலத்தில் ஆற்று வெள்ளம் அடித்து வந்த தாவரப் பொருளும் வண்டலும் ஒன்றாகப் படிந்து உருவான நிலக்கரி ஆதலால், அதிலுள்ள மண்ணைக் கழுவிப் பிரிப்பது எளிதன்று. 210 மெகாவாட் அலகு ஒன்று முழுத் திறனில் ஒரு நாள் இயங்கினால் 50 இலட்சம் யூனிட் மின்சாரம் கிடைக்கும். ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோ நிலக்கரி என்று கொண்டால், நாளொன்றுக்கு 3,500 டன் எரிகிறது. அதில் 40 சதவீதம் சாம்பல் எனில் 1,400 டன் சாம்பல். மேட்டூரில் 1987 முதல் 1990 வரை நிறுவப்பட்டவை இத்தகைய அலகுகள் நான்கு. பெருக்கிப் பார்க்கும் வேலையை மாணவர்களுக்கே விட்டுவிடலாம்.

சுர்க்கியின் உறவு

சாம்பலும் சுண்ணாம்பும் சேர்ந்து இறுகும் என்பது நமக்குப் புதிய செய்தியன்று. செங்கல்லை இடித்துத் தூளாக்கிச் சுண்ணாம்புடன் அரைத்துப் பயன்படுத்திய சுர்க்கிக் காரை இதே வினையால்தான் இறுகியது. 1895ஆம் ஆண்டு முடிவுற்ற பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையால் கட்டப்பட்டது. விசுவேசுவரய்யா தலைமைப் பொறியாளராக இருந்த காலத்தில், 1911ஆம் ஆண்டு மைசூர் அரசு தொடங்கிய கிருஷ்ணராஜ சாகர் அணையும் அவ்வாறே. இன்று அடுகோடியின் குழாய்களில் வரும் காவிரி நீர் அந்த ஆற்றிலிருந்தே வருகிறது என்பதை இடையே நினைவுகூரலாம். ரோமானியர் இத்தாலியின் பொசுவோலி என்னும் ஊரருகே கிடைத்த எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்பில் கலந்து துறைமுகங்கள் கட்டினர். பொசோலானா என்னும் பெயர் அவ்வூரிலிருந்து வந்ததே.

சுர்க்கி, எரிமலைச் சாம்பல், அனல் மின் நிலையச் சாம்பல் ஆகிய மூன்றுக்கும் பொதுவானது ஒன்று உண்டு. மூன்றும் வெப்பத்தால் ஒழுங்கு குலைந்த சிலிக்காவும் அலுமினாவும் ஆகும். சுர்க்கிக்கு அளவாகச் சுட்ட களிமண் வேண்டும். மிகையாக வெந்து இறுகிய செங்கல்லின் தூள் சுண்ணாம்புடன் எளிதில் சேராது என்பது பழைய மேஸ்திரிகள் அனுபவத்தில் அறிந்த உண்மை. நிலக்கரிச் சாம்பலிலும் இவ்வேறுபாடு உண்டு. கண்ணாடி நிலையிலுள்ள பகுதி வினை புரியும். குவார்ட்ஸ், முல்லைட் என்னும் படிகங்களாக நின்றுவிட்ட பகுதி வினை புரியாது. வேதியியல் பகுப்பாய்வில் இரண்டும் சிலிக்கா, அலுமினா என்றே பதிவாகும். ஆகவே சிலிக்கா மிகுதியாக உள்ளது என்ற ஆய்வுச் சான்றிதழை மட்டும் கொண்டு சாம்பல் நல்லது என்று முடிவு செய்ய இயலாது. ஆற்று மணலும் சிலிக்காதான். அது சுண்ணாம்புடன் அறை வெப்பத்தில் வினை புரிவதில்லை.

மெதுவாக நிகழும் வினை

சிமெண்டில் தண்ணீர் சேர்ந்ததும் கால்சியம் சிலிக்கேட் நீரேறிய பசையாக மாறுகிறது. கான்கிரீட்டைப் பிணைப்பது இந்தப் பசையே. இவ்வினையின்போது கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு, உடன் விளைபொருளாகத் தங்கிவிடுகிறது. 100 கிலோ சிமெண்ட் முழுமையாக நீரேறினால் ஏறத்தாழ 20 முதல் 25 கிலோ வரை இச்சுண்ணாம்பு கிடைக்கும். உறுதிக்கு இது பெரிதும் உதவுவதில்லை. நீர் ஊடுருவினால் கரைந்து வெளியேறவும் கூடும். தளத்தின் அடியில் வெள்ளை நிறத்தில் வடியும் கறை இதனால் விளைவதே.

சாம்பல் செய்யும் வேலை இந்தச் சுண்ணாம்பைப் பிடித்துப் பசையாக மாற்றுவது. சிமெண்ட் கலவையின் துளைகளிலுள்ள நீர் மிகக் கடுமையான காரத்தன்மை உடையது. அக்காரம் கண்ணாடித் துகளின் மேற்பரப்பைச் சிறிது சிறிதாக அரிக்கிறது. கரைந்து வரும் சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்புடன் சேர்ந்து, துளைகளுக்குள்ளேயே புதிய பசையை உண்டாக்குகின்றன. இதனால் உறுதியும் கூடுகிறது, நீர்க்கசிவும் குறைகிறது.

ஆனால் காரம் உருவான பிறகே கண்ணாடி கரையத் தொடங்கும். எனவே முதல் ஏழு நாள்களில் சாம்பலின் பங்கு மிகக் குறைவு. 28 நாள்களில் ஓரளவு தெரியும். 90 நாள்களில்தான் நன்கு விளங்கும். வெப்பம் கூடினால் வினை விரைவுபடும், குறைந்தால் தளரும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரின் மார்கழி, தை மாத இரவுகளில் சாம்பல் கலந்த கான்கிரீட் சென்னையைவிடத் தாமதமாகவே இறுகும். சென்னையில் பழகிய மேஸ்திரி அதே நாள் கணக்கில் பெங்களூரில் சென்ட்ரிங் பலகையைப் பிரித்தால் இடர் நேரலாம். பலகை பிரிக்க ஐ.எஸ். 456 கொடுத்துள்ள கால அளவுகள் சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்கும் 15 டிகிரிக்குக் குறையாத வெப்பநிலைக்கும் உரியவை. பிற சிமெண்டுகளுக்கு அவற்றைத் தக்கவாறு மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அத்தரமே கூறுகிறது. மேற்பார்வையிடும் அலுவலர்கள் இவ்வரியை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்வது நலம்.

சாம்பலின் அளவுக்கு உச்சவரம்பு ஏன் என்பதும் இதிலிருந்தே விளங்கும். சிமெண்ட் தரும் சுண்ணாம்புக்கு ஓர் அளவு உண்டு. அதைத் தாண்டிச் சேர்க்கும் சாம்பலுக்கு வினை புரியச் சுண்ணாம்பு கிடைக்காது. அது இடத்தை நிரப்பும் தூளாகவே இருக்கும். குறைந்த நீரும் நல்ல கலவைத் திட்டமும் இருந்தால் பாதி அளவு வரையிலும் சாம்பல் சேர்த்து உறுதியான கான்கிரீட் செய்யலாம் என்பது கனடா நாட்டின் அனுபவம். அது ஆய்வுக்கூடக் கண்காணிப்பில் நடக்கும் பெரும் பணிகளுக்குப் பொருந்தும். வாளியால் தண்ணீர் ஊற்றிக் கலக்கும் சிறு வீட்டுப் பணிக்கு அன்று.

வினைத்திறனை அளத்தல்

சாம்பலின் திறனை நேரடியாக அளக்க உதவுவது ஐ.எஸ். 1727 கூறும் சுண்ணாம்பு வினைத்திறன் சோதனை. சுண்ணாம்பு, சாம்பல், நிர்ணயிக்கப்பட்ட தர மணல் ஆகியவற்றைக் குறிப்பிட்ட விகிதத்தில் கலந்து, பக்கத்துக்கு 50 மில்லிமீட்டர் உள்ள கனசதுரங்களாக வார்ப்பர். முதல் 48 மணி நேரம் 27 டிகிரியிலும், அதன் பின் எட்டு நாள்கள் ஈரப்பதம் குறையாமல் 50 டிகிரியிலும் வைத்து, பிறகு நொறுக்கிப் பார்ப்பர். இதில் சிமெண்ட் ஒரு துளியும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கிடைக்கும் உறுதி முழுவதும் சாம்பலும் சுண்ணாம்பும் செய்த வேலையே. சிமெண்டிலும் கான்கிரீட்டிலும் சேர்க்கத் தக்க சாம்பலுக்கு ஒரு சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்தது 4.5 நியூட்டன் உறுதி வேண்டும் என்று ஐ.எஸ். 3812 தரத்தின் 2003ஆம் ஆண்டுப் பதிப்பு வகுத்தது.

அதே தரம் நுண்மைக்கும் அளவு வைத்தது. ஒரு கிலோ சாம்பலின் மேற்பரப்பு 320 சதுர மீட்டருக்குக் குறையலாகாது. ஈரச் சலிப்பில் 45 மைக்ரான் சல்லடையில் தங்குவது 34 சதவீதத்தை மிஞ்சலாகாது. காரம் தாக்குவது துகளின் மேற்பரப்பை ஆதலால், நுண்மை கூடக் கூட வினையும் கூடுகிறது. எரியாமல் நின்ற கரியைக் குறிக்கும் எரிப்பு இழப்பு ஐந்து சதவீதத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். கரி மிகுந்த சாம்பல் கறுத்துத் தோன்றும். கலவைக்கு அதிகத் தண்ணீர் கேட்கும்.

நெய்வேலிச் சாம்பலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பழுப்பு நிலக்கரியின் சாம்பலில் வினை புரியும் சுண்ணாம்பு இயல்பாகவே மிகுதி. தண்ணீர் பட்டால் தானே ஓரளவு இறுகும் குணம் அதற்கு உண்டு. இத்தகையதைச் சுண்ணாம்புச் சாம்பல் என்றும், மேட்டூர், ராய்ச்சூர் போன்ற நிலையங்களின் சாம்பலைச் சிலிக்காச் சாம்பல் என்றும் தர நிர்ணயம் பிரிக்கிறது. ஒன்றுக்குப் பொருந்திய கலவை விகிதத்தை மற்றொன்றுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாகாது. நெய்வேலிச் சாம்பலுக்குப் பழகிய கல் தயாரிப்பாளர் மேட்டூர்ச் சாம்பலுக்கு மாறும்போது சுண்ணாம்பைக் கூட்டாவிட்டால் கல் உதிரும்.

தொலைவின் கணக்கு

1999ஆம் ஆண்டு செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கை, அனல் மின் நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டர் சுற்றளவில் செங்கல் அறுப்போர் குறைந்தது 25 சதவீதம் சாம்பல் கலக்க வேண்டும் என்றது. 2003ஆம் ஆண்டில் இவ்வெல்லை 100 கிலோமீட்டராகவும், 2016ஆம் ஆண்டில் 300 கிலோமீட்டராகவும் விரிந்தது. சாலைப் பணிக்கும் சாம்பல் கல் தயாரிப்புக்கும் கொண்டு செல்லும் செலவில், முதல் 100 கிலோமீட்டர் வரை முழுவதையும், அதற்கப்பால் 300 கிலோமீட்டர் வரை பாதியையும் மின் நிலையமே ஏற்க வேண்டும் என்றும் 2016ஆம் ஆண்டு அறிவிக்கை கூறியது.

வரைபடத்தை விரித்து வட்டம் போட்டுப் பார்த்தால் பெங்களூரின் நிலை தெளிவாகும். நேர்க்கோட்டுத் தொலைவில் மேட்டூர் ஏறத்தாழ 130 கிலோமீட்டர், ஆந்திரத்தின் முத்தனூரிலுள்ள ராயலசீமா நிலையம் 210, நெய்வேலி 255, பெல்லாரி நிலையம் 260. கர்நாடகத்தின் முதல் பெரிய அனல் நிலையமாக 1985ஆம் ஆண்டு மின் உற்பத்தி தொடங்கிய ராய்ச்சூர் மட்டும் 370 கிலோமீட்டர் அளவில் வட்டத்துக்கு வெளியே நிற்கிறது. நிலக்கரி எரியாத நகரம் நான்கு சாம்பல் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் இருக்கிறது!

எனினும் சட்டம் போடும் வட்டத்தைவிட லாரி வாடகை போடும் வட்டம் கண்டிப்பானது. பள்ளம் நிரப்பவும் சாலைக்கு மேடு அமைக்கவும் பயன்படும் சாம்பலுக்கு வினைத்திறன் தேவையில்லை. கொண்டு செல்லும் செலவு கூடினால் அருகிலுள்ள மண்ணே மலிவு. சிமெண்டுக்கு மாற்றாக நிற்கும் நுண்ணிய உலர் சாம்பலோ சிமெண்டின் விலையோடு ஒப்பிடப்படுகிறது. ஆகவே தொலைவைத் தாங்குகிறது. நிலையத்தின் அருகில் எதையும் பயன்படுத்தலாம். தொலைவில் வினைத்திறன் உள்ளதை மட்டுமே கொண்டு சேர்க்க முடியும். பெங்களூருக்குச் சாம்பல் பெரும்பாலும் சிமெண்ட் மூட்டையின் உள்ளேயும், காற்று நுரை பொதிந்த இலேசான சுவர்க் கல்லாகவும், மூடிய டாங்கர் லாரிகளில் கான்கிரீட் கலவை நிலையங்களுக்கும் வந்து சேர்வதன் பொருளாதாரம் இதுவே.

இதில் நாட்டுக்கு மற்றொரு ஆதாயமும் உண்டு. ஒரு டன் சிமெண்ட் கிளிங்கர் செய்யும்போது ஏறத்தாழ 0.8 டன் கரியமில வாயு வெளியேறுகிறது. அதில் பாதிக்கு மேற்பட்டது எரிபொருளால் அன்றி, சுண்ணாம்புக் கல் சிதைவதாலேயே வருவது. ஆகவே எரிபொருளை மாற்றினாலும் அப்பகுதி குறையாது. கிளிங்கரின் அளவைக் குறைப்பதே வழி. சாம்பல் அதைச் செய்கிறது.

சாம்பல் கல்

நிலையத்திலிருந்து நடுத்தரத் தொலைவில் வளர்ந்துள்ள தொழில் சாம்பல் கல் தயாரிப்பு. சாம்பலோடு சுண்ணாம்பும் ஜிப்சமும் கலந்து, சூளையின்றி இறுகும் கல்லைச் செய்யும் ஃபால்ஜி முறையை விசாகப்பட்டினத்தைச் சேர்ந்த பானுமதிதாஸ், காளிதாஸ் ஆகிய இருவர் உருவாக்கிப் பரப்பினர். ஜிப்சத்தின் வேலை முக்கியமானது. சிலிக்கா வினைக்கு வாரங்கள் ஆகும். ஆனால் சாம்பலின் அலுமினாவும் சுண்ணாம்பும் ஜிப்சமும் சேர்ந்து எட்ரிங்கைட் என்னும் ஊசி வடிவப் படிகங்களை விரைவில் தோற்றுவிக்கின்றன. கல்லைக் கையால் எடுத்து அடுக்கும் அளவுக்கு முதல் உறுதி கிடைப்பது இதனால்தான்.

பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்தில் அமுல்ய ரெட்டியின் முயற்சியால் 1974ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அஸ்த்ரா மையம், சுடாத மண் கல் பற்றிய ஆய்வுகளால் பெயர் பெற்றது. அதே மரபில் வெங்கடராம ரெட்டி முதலான ஆய்வாளர்கள் சுண்ணாம்பும் சாம்பலும் சேர்த்து அழுத்திய கற்களை ஆராய்ந்தனர். ஜிப்சம் சேர்ப்பதும், கொதிநிலைக்குக் குறைந்த வெப்பத்தில் நீராவி காட்டுவதும் உறுதி வரும் காலத்தை வெகுவாகக் குறைக்கும் என்று அவர்கள் காட்டினர். சிறு தொழில் முனைவோர்க்கு இஃது பயனுள்ள முடிவு. கல்லை மூன்று வாரம் நனைத்துக் காத்திருக்கத் தேவைப்படும் இடமும் முதலும் பலரிடம் இல்லை.

காத்திருக்க இயலாமைதான் இத்தொழிலின் பெருங்குறை. சுண்ணாம்புக்குப் பதில் சிறிது சிமெண்ட், சாம்பலுக்குப் பதில் கல் உடைக்கும் ஆலையின் தூசு, நனைப்பது இரண்டே நாள் என்று செய்யப்படும் கல்லும் சாம்பல் கல் என்ற பெயரிலேயே விற்கப்படுகிறது. அது சுவரில் ஏறிய பின் பூச்சு வெடிக்கும். பழி சாம்பலின் மேல் விழும். ஊராட்சி ஒன்றியப் பணிகளுக்குக் கல் வாங்கும் அலுவலர் சில எளிய சோதனைகளைச் செய்யலாம். கல்லை ஆணியால் கீறினால் ஆழமாகப் பள்ளம் விழக்கூடாது. உடைத்த முகம் உள்ளும் புறமும் ஒரே நிறமாகவும் ஒரே இறுக்கமாகவும் இருக்க வேண்டும். ஒரு நாள் முழுதும் நீரில் ஊறிய கல், சாதாரண வகுப்புகளில் தன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் நீரை உறிஞ்சக்கூடாது என்பது ஐ.எஸ். 12894 விதிக்கும் வரம்பு. கல் வார்த்த தேதியைக் கேட்பதற்கோ எந்தக் கருவியும் தேவையில்லை.

தண்ணீர் இல்லாத நகரில் நீராற்றுதல்

கொத்தனார்கள் கியூரிங் என்று சொல்லும் நீராற்றுதல், சாம்பல் கலந்த கான்கிரீட்டுக்கு உயிர்நாடி. சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது ஏழு நாள், கலப்புச் சிமெண்டுக்குக் குறைந்தது பத்து நாள் என்று ஐ.எஸ். 456 கூறுகிறது, பின்னதைப் பதினான்கு நாளாக நீட்டிக்கவும் பரிந்துரைக்கிறது. காரணம் முன்னரே சொல்லப்பட்டது. சாம்பல் வேலையைத் தொடங்கும் வேளையில் கான்கிரீட் காய்ந்துவிட்டால், வினை அங்கேயே நின்றுவிடும்.

2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பெங்களூரில் கடும் தண்ணீர்த் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, குடிநீரைக் கட்டுமானத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்று நகரக் குடிநீர் வாரியம் தடை விதித்தது; மீறினால் 5,000 ரூபாய் அபராதம். ஆணையின் நியாயத்தை மறுப்பதற்கில்லை. குடிக்க இல்லாதபோது தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது பொருந்தாது. ஆனால் கட்டுவோர் சிலர் இதற்குத் தரும் விடை நாள்களைக் குறைப்பது. அதன் விளைவு அன்றே தெரிவதில்லை.

சென்னை போன்ற கடற்கரை நகரில் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்குப் பகை உப்பு. நன்கு நீராற்றிய சாம்பல் கான்கிரீட் உப்பை நன்றாகவே தடுக்கும். உள்நாட்டு நகரமான பெங்களூரில் பகை வேறு. காற்றிலுள்ள கரியமில வாயு மேற்பரப்பிலிருந்து உள்ளே சென்று, கம்பியைக் காக்கும் காரத்தன்மையைச் சிறிது சிறிதாக அழிக்கிறது. சாம்பல் ஏற்கெனவே சுண்ணாம்பின் ஒரு பகுதியை எடுத்துக்கொள்வதால், வாயுவை எதிர்த்து நிற்கும் இருப்பு குறைவு. துளைகள் அடைபட்டிருந்தால் இதனால் தீங்கு இல்லை, வாயு உள்ளே புகவே இயலாது. போதிய நீர் காட்டாத கான்கிரீட்டிலோ துளைகள் திறந்திருக்கும், சுண்ணாம்பும் குறைந்திருக்கும். அத்தகைய தூணில் கம்பி துருப்பிடிக்கச் சாதாரண சிமெண்ட் தூணைவிடக் குறைந்த ஆண்டுகளே போதும்.

தண்ணீரை மிச்சப்படுத்தி நாள்களைக் காப்பாற்ற வழிகள் உள்ளன. தூணுக்கு நனைந்த சாக்கைச் சுற்றி அதன்மேல் பிளாஸ்டிக் தாளை இறுகக் கட்டினால், ஒரு முறை ஊற்றிய நீர் நீண்ட நேரம் தங்கும். தளத்தைப் பாத்திக்குப் பதில் ஈரச் சாக்கும் தாளும் கொண்டு மூடலாம். சுத்திகரித்த கழிவு நீரையும் பயன்படுத்தலாம். ஆனால் சோதித்த பின்னரே. கம்பியுள்ள கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமையும், சல்பேட்டு 400 மில்லிகிராமையும் தாண்டலாகாது; அமில கார எண் ஆறுக்குக் குறையலாகாது. பணி ஒப்பந்தத்தில் நீராற்றும் நாள்களையும் அதற்கான கூலியையும் தனி இனமாகக் காட்டுவது மற்றொரு வழி. தளத்துக்கும் தூணுக்கும் விலை உள்ள ஒப்பந்தத்தில் சாக்குக்கும் தாளுக்கும் விலை இல்லையென்றால், முதலில் கைவிடப்படுவது அதுவாகவே இருக்கும்.

புள்ளிவிவரமும் குட்டைச் சாம்பலும்

1994ஆம் ஆண்டு மத்திய அரசு சாம்பல் பயன்பாட்டுக்கெனத் தனி இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. 1996-97இல் நாட்டில் உண்டான ஏறத்தாழ 6.9 கோடி டன் சாம்பலில் பயன்பட்டது பத்து சதவீதத்துக்கும் குறைவு. 2021-22இல் உண்டானது ஏறத்தாழ 27 கோடி டன். பயன்பட்டது 96 சதவீதம் அளவில் என்று மத்திய மின்சார ஆணையம் கணக்கிட்டது. பெரும் முன்னேற்றமே. ஆயினும் இந்தக் கணக்கில் சிமெண்டுக்குச் சென்ற டன்னும், கைவிட்ட சுரங்கத்தில் கொட்டிய டன்னும் ஒன்றாகவே எண்ணப்படுகின்றன. சிமெண்டுக்குச் சென்றது மொத்தத்தில் கால் பங்கை ஒட்டியதே. எஞ்சியவற்றில் பெரும்பகுதி பள்ளம் நிரப்பவும் சுரங்கம் மூடவும் மேடு கட்டவும் சென்றது. அவை வேண்டாதவை அல்ல. ஆனால் அங்கே சாம்பலின் வினைத்திறன் வீணாகிறது. பயன்பாட்டைச் சதவீதத்தால் மட்டும் அளக்காமல், எவ்வளவு கிளிங்கருக்கு மாற்றாக நின்றது என்றும் அளப்பது பொருத்தமாகும்.

வினைத்திறன் வீணாவது பெரும்பாலும் மின் நிலையத்தின் உள்ளேயே தொடங்குகிறது. உலர்ந்த நிலையில் தொட்டியில் பிடித்த சாம்பலை அப்படியே குதிரில் சேமித்தால் அது வணிகப் பொருள். தண்ணீர் சேர்த்துக் குழம்பாக்கி, அடிச் சாம்பலுடன் கலந்து, குழாய் வழியே குட்டைக்கு அனுப்பினால் மண். குட்டையில் பருமனும் நுண்மையும் அடுக்கடுக்காகப் பிரிந்து படியும். நுண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டும். கரையும் உப்புகள் நீரோடு செல்லும். பிறகு தோண்டி எடுக்கும் சாம்பலின் தரம் ஓரிடத்துக்கு ஓரிடம் மாறும்.

குட்டைகளின் அபாயமும் சிறிதன்று. 2020ஆம் ஆண்டு ஏப்ரலில் மத்தியப் பிரதேசத்தின் சிங்க்ரௌலியில் சாசன் நிலையத்தின் சாம்பல் குட்டைக் கரை உடைந்து ஆறு உயிர்கள் பலியாயின. எண்ணூர்க் கழிமுகத்தில் வட சென்னை நிலையத்தின் சாம்பல் பல ஆண்டுகள் கசிந்து படிந்தது பற்றிய வழக்கில், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு 2022ஆம் ஆண்டு மின் வாரியத்தைப் பொறுப்பாக்கியது. அங்கு மீனவர் வலையில் சேறாக வந்தது, உலர்ந்த நிலையில் குதிருக்குச் சென்றிருந்தால் சிமெண்ட் ஆலை விலை கொடுத்து வாங்கியிருக்கும் பொருள்.

2021ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் வெளியான அறிவிக்கை, ஆண்டுதோறும் உண்டாகும் சாம்பல் முழுவதையும் குறித்த காலச் சுற்றுக்குள் பயன்படுத்த வேண்டும் என்றும், பயன்படாத ஒவ்வொரு டன்னுக்கும் 1,000 ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்றும் விதித்தது. குட்டைகளில் முன்பே குவிந்த பழைய சாம்பலைப் பத்து ஆண்டுகளில் படிப்படியாகத் தீர்க்கவும் அது பணித்தது. இப்பழைய சாம்பலை உலர்த்தி, சலித்து, ஆலையில் அரைத்தால் புதிய மேற்பரப்பு வெளிப்பட்டு வினைத்திறனில் ஒரு பகுதி மீளும். அதற்கு ஆகும் மின்சாரமும் போக்குவரத்துச் செலவும் சேர்ந்து சிமெண்ட் விலைக்குள் அடங்குமா என்பதை ஒவ்வொரு குட்டைக்கும் தனித்தனியே, பல ஆழங்களில் மாதிரி எடுத்துச் சுண்ணாம்பு வினைத்திறன் சோதனை செய்த பின்னரே கணக்கிட இயலும்.